மஞ்சள் துணியை வண்டியில் கட்டாதே

மத்திகிரி
14-11-1958

சிரஞ்சீவி சென்னப்பனுக்கு அப்பா திம்மராயன் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். இதையே முதல் வரியாக எழுதக் காரணம் உண்டு. இந்தக் கடிதத்துக்கு முன்னால் என் தந்தி உனக்கு வந்திருக்கும், அதைப் பிரிப்பதற்குள் நீ என்னவெல்லாம் நினைத்து நடுங்கியிருப்பாயோ என்று எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை. தந்தியில் இருந்ததை மட்டும் அப்படியே செய். உன்னோடு பட்டாளத்தில் இருக்கும் பேரிகை முனிசாமி லீவு முடிந்து திரும்பும்போது அம்மா அவனிடம் கொடுத்தனுப்பிய மஞ்சள் துணி முடிச்சை உன் வண்டியில் எங்கும் கட்டாதே. கட்டியிருந்தால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய் அவிழ்த்துவிட்டு வா. மீதியை அப்புறம் படிக்கலாம்.

விவரம் சொல்கிறேன். டாங்கி ஓட்டிக்கொண்டிருந்த உன்னை, தரையிலும் தண்ணீரிலும் ஓடுகிற வண்டிக்கு டிரைவராக மாற்றிவிட்டார்கள் என்றும், இந்த மாதக் கடைசியில் பெரிய ஆபீசர்கள் பார்க்க அதை ஏரியில் இறக்கப் போகிறீர்கள் என்றும் நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டாங்கி என்றபோது அவள் இவ்வளவு பயப்படவில்லை, சுற்றிலும் கனத்த இரும்பு இருக்கிறது என்று தேறியிருந்தாள். இரும்பு தண்ணீரில் மிதக்கும் என்றதும் என் முகத்தையே பார்த்தாள். எனக்கும் அதை விளக்கத் தெரியவில்லை, படித்தவன் என்ற பேர்தான். மறுநாளே முனீஸ்வரன் கோயிலுக்குப் போய் மண்ணும் குங்குமமும் வேப்பிலையும் வைத்து முடிந்துகொண்டு வந்துவிட்டாள். புது மாட்டு வண்டிக்கு அடியில் அச்சில் கட்டுவோமே, அதே வழக்கம்தான். முனிசாமியிடம் அவள் சொன்னது எனக்குக் காதிலேயே நிற்கிறது. "மேல கட்டுனா ஆபீசருங்க பாத்து அவுத்துப் போட்டுருவாங்கப்பா. அடி வவுத்துல, கண்ணுல படாத எடமா பாத்துக் கட்டச் சொல்லு. அம்மா சொன்னான்னு சொல்லு, கட்டிருவான்." நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வண்டி என்றால் எங்கள் இருவர் புத்திக்கும் எட்டியது மாட்டு வண்டிதான்.

அவனை ரயிலேற்றிய பிறகு கிருஷ்ணகிரிக்கு உன் அக்கா காவேரியைப் பார்க்கப் போனேன். மாப்பிள்ளைக்கு இன்னும் அணையில்தான் வேலை, குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், இப்போது இறங்கிவிட்டது. நான் போயிருந்த சமயம் பெங்களூரிலிருந்து பட்டாளத்தார் உன் வண்டி போலவே ஒன்றைக் கொண்டுவந்து அணைத் தண்ணீரில் இறக்கினார்கள். பார்க்கப் போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன், கால் தானாகவே அங்கே போய்விட்டது. முன் சக்கரம் தண்ணீரில் பட்டதும் மூக்கு அப்படியே கவிழ்ந்தது, டிரைவரின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன, நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் கைதட்டிய பிறகுதான் திறந்தேன். வண்டி படகு மாதிரி போய்க்கொண்டிருந்தது, பக்கவாட்டில் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

கரையேறியதும் அதை ஓட்டிவந்த ஹவில்தாரிடம் போய், அது என்ன தண்ணீர் என்று கேட்டேன். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். "எசமானரே, மெதக்குற வண்டின்னா தண்ணி உள்ள வராதுன்னு நெனச்சீங்களா? வந்துகிட்டேதான் இருக்கும். பம்பு எடுத்து வெளிய ஊத்திகிட்டே இருக்கும். பம்பு நின்னுச்சுன்னா இது வண்டியும் இல்ல, படகும் இல்ல, வெறும் கல்லு" என்றார். எதனால் நிற்கும் என்றேன். சிரித்துக்கொண்டே என் தோள் துண்டைத் தொட்டு, "இத்துல ஒரு மொழம் போதும்" என்றார். வண்டிக்கு உள்ளே அடிவயிற்றில், பம்பு தண்ணீர் உறிஞ்சுகிற இடத்தில் ஒரு சல்லடை இருக்கிறதாம். கந்தல், வைக்கோல், இலை எது மிதந்து போனாலும் அதில்தான் போய் ஒட்டிக்கொள்ளுமாம். வேறெங்கோ ஒரு வண்டி அப்படி மூழ்கியதைச் சொன்னார். இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள், டிரைவர் மட்டும் என்று ஆரம்பித்தார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லாமல் நகர்ந்துவிட்டேன். துணி, இலை, அடிவயிறு, கண்ணில் படாத இடம். உன் அம்மா சொன்னது ஒன்றுவிடாமல் அந்தச் சல்லடைக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது.

எனக்கு எப்போதும் உள்ள சந்தேகம் அப்போதும் வந்தது. உனக்கு வண்டி தெரியும், நீயே கட்டமாட்டாய் என்று ஒரு பக்கம். அம்மா சொன்னால் எதையும் மறுக்காதவன், யாருக்கும் தெரியாமல் கட்டிவிடுவாய் என்று ஒரு பக்கம். தந்தி மேலதிகாரி கைக்குப் போய் உனக்குத் தண்டனை வந்தால் என்ன செய்வது என்றும் பயந்தேன். ஓசூர் தபாலாபீசில் வாசகத்தை எழுதிக் கொடுத்தபோது குமாஸ்தா படித்துப் பார்த்து, "என்ன சார், பட்டாளத்துக்கு ஜவுளி வியாபாரமா?" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். வெட்கமாக இருந்தாலும் திரும்ப வாங்கவில்லை. யாராவது உன்னைக் கேட்டால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிவிடு, எனக்கு வருத்தமில்லை.

இங்கே கேழ்வரகு அறுவடை ஆகிவிட்டது, கடைசியில் பெய்த மழையில் கொஞ்சம் கறுத்துவிட்டது. செவலைப் பசு கிடாரி ஈன்றிருக்கிறது. மாட்டுப் பண்ணையில் என்னோடு வேலை பார்த்த சிங்கராயர் உன்னைக் கேட்டார். நீ கிணற்றில் நீந்தியவன்தான், ஆனாலும் பூட்ஸோடு நீந்திப் பழகியிருக்கிறாயா என்று தெரியவில்லை, அதை எழுது. தண்ணீரில் இறங்குமுன் சல்லடையை நீயே கையை விட்டுத் தடவிப் பார், பார்த்தாயிற்று என்று இன்னொருவன் சொன்னால் நம்பாதே.

அம்மாவிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். சாமி முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அவள் வாயிலிருந்து வராமல் நீ அவிழ்க்கமாட்டாய் என்பதால் சொல்லிவிட்டேன். முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்வதை அப்படியே எழுது என்றாள். எழுதுகிறேன்: "டேய் சென்னப்பா, நான்தான் கட்டச் சொன்னேன், நான்தான் அவுக்கச் சொல்றேன். அவுத்துத் தண்ணியில போட்டுரு. சாமி கோவிச்சா என்மேல கோவிச்சுக்கட்டும், எதுனா வர்றதுன்னா எனக்கு வரட்டும், உன் வண்டிக்கு வேணாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாமே நாகம்மா என்று கேட்டுப் பார்த்தேன். அதை எழுதாவிட்டால் அவன் நம்பமாட்டான் என்கிறாள். அதனால் எழுதிவிட்டேன். இப்போது அவளை நினைத்தும் பயமாக இருக்கிறது.

நீயும் உன்னோடு அந்த வண்டியில் ஏறுகிறவர்களும் நீண்ட ஆயுளோடு இருக்க ஆசீர்வதிக்கிறேன். அவிழ்த்தாயிற்று என்று ஒரு வரி கார்டு போடு, அதற்குமேல் எழுத நேரமில்லாவிட்டாலும் போதும்.

இப்படிக்கு
உன் அப்பா
ம. திம்மராயன்