கைப்பையில் வேல்

ஜூலை 3, புதன்

வரும் செவ்வாய் கவிதாவுக்கு அறுவை சிகிச்சை. கர்ப்பப்பையில் கட்டி. மாப்பிள்ளை புனேவிலிருந்து விமான டிக்கெட் அனுப்பிவிட்டார். மகள் கேட்டது ஒன்றுதான்: “அப்பாவோட பித்தளை வேல் இருக்குதே, அத எடுத்துகினு வாம்மா.” அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது தலைமாட்டில் இருந்தது. பிழைத்து வந்து பன்னிரண்டு வருஷம் இருந்தார்.

ஜூலை 5, வெள்ளி

விமானத்தில் எதைக் கொண்டுபோகக் கூடாது என்று படித்தேன். தீப்பெட்டி, கற்பூரம், கொப்பரைத் தேங்காய்கூட. கூர்மையானவற்றைப் பெட்டியில் வைத்துச் சாமான் அறைக்கு அனுப்ப வேண்டும். விமானத்தின் படத்தையும் பார்த்தேன். மூக்கு, இறக்கை, அதன் அடியில் எஞ்சின், வால். சாமான் அறை வயிற்றில். அதாவது இருக்கைகளுக்கு நேர் கீழே.

சுவாமியைக் கீழே போட்டுவிட்டு, மேலே அத்தனை பேர் செருப்புக் காலோடு உட்காருவதா? பெட்டிக்குள் என் மாற்றுச் செருப்பு வேறு.

பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் கற்பூரத்தோடு வந்தாள். “ஏரோப்ளேன் கெளம்பசொல்ல முன்னால ஏத்திடுங்கம்மா. எலுமிச்சம்பழம் எத்தினி சக்கரத்துக்கு வேணும்?” கற்பூரத்துக்குத் தடை என்று விளக்கினேன்.

“அப்ப வேல் மட்டும் வுடுவாங்களா?”

கற்பூரத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 6, சனி

கைப்பையில்தான். இது ஆயுதம் இல்லை. கேட்டால் ஆங்கிலத்தில் விளக்கிக்கொள்ளலாம்.

ஜூலை 7, ஞாயிறு, புனே

விளக்க முடியவில்லை. சென்னையில் சோதனை செய்த பெண் வேலோடு நிமிர்ந்தாள். தயார் செய்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

“சாமின்னு தெரியுதுங்கம்மா. எனக்குத் திருத்தணி பக்கத்துல நகரிதான். ஆனா முனை கூரா இருக்குது. பெட்டியில போடுங்க, இல்லன்னா இங்கியே வுட்டுட்டுப் போங்க.”

வரிசையில் ஒருவன், “ஆயா யாரக் குத்தப் போவுது?” என்று சிரித்தான். முகம் சுட்டது. கான்வென்ட்டில் படித்தவள், விதி தெரிந்தவள், எல்லோர் முன்னாலும்.

வுட்டுட்டுப் போறதா? கவிதாகிட்ட இன்னான்னு சொல்லுவேன்?

திரும்பி ஓடினேன். கவுன்ட்டர் பெண் ஓர் அட்டைப்பெட்டி தேடிக் கொடுத்தாள். வேல் கீழே போயிற்று.

இறக்கையோரம் இடம். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தேன். பணிப்பெண், “கால் வலியா மேடம்?” என்றாள். ஆமாம் என்றேன். பொய். புனே வரை தரையில் கால் வைக்கவில்லை.

எல்லோர் பெட்டியும் வந்தது, அட்டைப்பெட்டி வரவில்லை. பெல்ட் காலியாகச் சுற்றியது. கடைசியில், ஒரு மூலை நசுங்கி — உள்ளே வேலில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

முடிந்தது. கவிதா கண் விழித்ததும் தலைமாட்டைத் தடவினாள். நடந்ததைச் சொன்னேன். “அப்ப சாமி மேலயே உக்காந்துகினு வந்தியா நீ?” என்று சிரித்தாள். தையல் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

பரிசோதனை முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை.

மாப்பிள்ளை காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டேன்.

ஜூலை 27, சனி, திருத்தணி

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் சேர்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கிளம்பும்போது வேலுக்குக் கவிதாவின் பட்டுத்துணியைச் சுற்றி, பெட்டியில் நானே வைத்தேன். மாற்றுச் செருப்பைக் கைப்பைக்கு மாற்றினேன். புனே சோதனையில் பையைத் திறந்த பெண் செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

இந்த முறையும் இறக்கையோரம்தான். காலை நீட்டிக் கீழே வைத்துக்கொண்டு, சென்னை வரை தூங்கினேன்.