ஒன்பதாவது மூச்சு

அண்ணாச்சி,

இன்று ஆய்வகத்தில் பழைய கருவிப் பெட்டி ஒன்றைத் திறந்தேன். கருவாட்டு வாடை. யாருடையது என்று எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கருவியை வெயில் படாத இடத்தில் வையுங்கள் என்றதற்குக் கருவாட்டு அலமாரியில் வைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் சங்குக்குளியாக இருந்தவர் நீங்கள். உங்கள் நுரையீரல் தழும்பேறி, அதற்குள் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருந்தது. அதற்கு மூச்சோடு இழுக்கும் மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் உங்களைச் சேர்த்திருந்தார்கள். கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேளைக்கு ஒன்பது மூச்சு. வாயை வைத்து இழுத்தால்தான் பச்சை விளக்கு எரியும், மருந்து வரும். ஒவ்வொரு மூச்சும் கோடாகப் பதிவாகும். உங்கள் எட்டுக் கோடுகள் குட்டையாக, நடுங்கிக்கொண்டு இருந்தன. ஒன்பதாவது மட்டும் நீளமாக, வழுவழுவென்று. தழும்பே இல்லாத நுரையீரல்.

மருந்தை யாருக்கோ கொடுக்கிறீர்கள் என்ற கோபத்தில், சொல்லாமல் திரேஸ்புரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். பட்டப்பகல். என் முன்னாலேயே எட்டு மூச்சு இழுத்தீர்கள். பிறகு கருவியைப் பக்கத்திலிருந்த காலி பிளாஸ்டிக் நாற்காலி பக்கம் நீட்டினீர்கள். பச்சை விளக்கு எரிந்தது.

"கடைசி மூச்சு மச்சானுக்கு. நான் முங்குனா கயிறு பிடிக்கது அவன்தான். தன் தங்கச்சி தாலி அந்தக் கயித்துலன்னா வேற யாரு அப்படிப் பிடிப்பா? ஒருநா மேல வந்து பாக்கேன், வள்ளத்துல ஆளில்ல. கயிறு மட்டும் அவன் பிடிச்சாப்புல இறுக்கமா நிக்கி."

ஜன்னலை அடைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். சென்சாரை மாற்றிவிட்டு அடுத்த வேளைக்கும் காத்திருந்தேன். அதே நீளக் கோடு. மீன் அரிந்துகொண்டிருந்த உங்கள் வீட்டு அக்கா நிமிரவேயில்லை. "எங்கண்ணன் நிதானமாத்தான் இழுப்பான். நீங்கதான் பறக்கிய, தம்பி."

கிளம்பும்போது நீங்கள் கேட்டது ஒன்றுதான். "இதுலேருந்து என்னைய நீக்கிராதிய. இப்பதான் கடற்கரை வரைக்கும் நடக்கேன்."

படிவத்தில் இரண்டே கட்டம்: கருவிக் கோளாறு, வேறொருவர் பயன்பாடு. கருவியில் கோளாறில்லை. எனவே இரண்டாவதில் டிக் போட்டேன். எனக்கு அடுத்த வேலை இருந்தது. அந்த வாரமே உங்களை நீக்கினார்கள். மழைக்காலம் முடியுமுன் போய்விட்டீர்கள்.

ஆய்வு முடிந்து, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் போலி என்ற பட்டியலைப் பிரித்தபோது தெரிந்தது, உங்களுக்கு வந்தது உண்மையான மருந்துதான். நிறுத்தியதால்தான் போனீர்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

போன வாரம் ஆய்வுக் குழுவுக்கு எழுதினேன்: அவர் மருந்தை யாருக்கும் கொடுக்கவில்லை, நான் பதிந்தது தவறு. அப்படியானால் அந்த மூச்சு யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை, மூன்றாவதாக ஒரு கட்டத்தைப் பேனாவால் வரைந்தேன். அரை நிமிடம் ஆகவில்லை. அன்றே வரைந்திருந்தால், அண்ணாச்சி, இன்னும் கொஞ்ச நாள் கடற்கரை வரை நடந்திருப்பீர்கள்.