பி என்று எழுதிய சாக்கு

கியர் ஆயிலின் வாடை துவைத்தாலும் போகாது என்று நீ சொல்வாய். அழுகிய வெங்காயமும் கந்தகமும் கலந்தது போன்ற அந்த வாடை இன்று காலையிலிருந்து என் விரல்களில் இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். பேனாவைத் தொட்டால் பேனாவிலும் ஏறிக்கொள்கிறது. நீ இருந்திருந்தால் இந்தத் தாளை முகர்ந்து பார்த்துவிட்டு, ஊற்றியது எவ்வளவு, சிந்தியது எவ்வளவு என்று கேட்டிருப்பாய்.

சிந்தியதுதான் அதிகம். ஆனாலும் வண்டி ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதோடு, இரண்டு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றை இந்த வாரம்தான் செய்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்தில் ஏறும் காலை ரயிலில் நாம் ஒரே பெட்டியில் மாதக்கணக்காகப் போயிருக்கிறோம். நான் விழுப்புரத்தில் நூலக வேலைக்கு. நீ விக்கிரவாண்டியில் இறங்கி உன் மாமாவின் லாரிப் பட்டறைக்கு. நக இடுக்கில் கறுப்பு போகாத ஒரு பெண் எதிர் இருக்கையில் இருப்பதை நான் கவனித்திருந்தேன். நீ கவனித்தது வேறு.

"இன்னா லைப்ரரி, நேத்து படிச்ச பக்கத்துலயே இருக்கற? ஊட்ல ஏதாவது பேஜாரா?"

அன்று நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்கள் ஜீப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிரம்மதேசத்துக்கு அப்பால், ஓடைக்கு அக்கரையில், நிலக்கடலை போடும் எங்கள் மல்லாட்டைக் கொல்லை. நடுவில் பனைமரங்களுக்கு இடையே ஒடுக்கமான கரை. டிராக்டர் டிரெய்லரோடு திரும்ப முடியாது. மூட்டைகள் வெளியே வர அப்பாவின் பழைய சின்ன ஜீப் ஒன்றுதான் வழி. அதுவும் பாரம் ஏற்றினால் கரையில் பாதி ஏறி மூச்சுவிட்டு நின்றுவிடும். அதைக் கேட்டதும் நீ என் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தாய்.

நமக்கு ஒரே வயது. நீ எனக்கு எதையும் கற்றுக்கொடுக்க நினைத்ததில்லை. பேசிக்கொண்டே வேலை செய்வாய், அவ்வளவுதான். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் இரண்டு பல்சக்கரங்கள் டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். பெரியது கிரவுன், சிறியது பினியன். எங்கள் வண்டியில் பினியன் நாலு சுற்றுக்கும் குறைவாகச் சுற்றினாலே கிரவுன் ஒரு சுற்று வந்துவிடும். ஐந்து சுற்று வேண்டும் என்கிற மாதிரி ஒரு ஜோடி கிடைத்தால் வேகம் குறையும், இழுவை கூடும்.

"மெதுவாப் போவும், ஆனா ஏறும். வேகமும் வேணும் பலமும் வேணும்னா, அது எந்த வண்டியாலயும் ஆவாது, லைப்ரரி."

பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி இன்னொரு ஜீப் கண்டுபிடித்தாய். லாரியில் மோதி அதன் முன்பக்கம் நொறுங்கியிருந்தது. பின் டிஃபரன்ஷியல் மட்டும் முழுதாக இருந்தது. நீ தேடிய ஐந்து சுற்று ஜோடி. அதை எங்கள் வண்டியின் பின்புறத்தில் மாட்டினோம். கழற்றும் பாகங்களில் எல்லாம் வெள்ளைப் பெயிண்டில் முன்னுக்கு 'மு', பின்னுக்கு 'பி' என்று எழுதிவைப்பாய். முன்னுக்கு ஜோடி கிடைக்கவில்லை. அதனால் ஒரே ஒரு கட்டளை போட்டாய். முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கும் சின்ன லீவரைத் தொடக் கூடாது.

"முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்கு. ரெண்டையும் சேத்து ஓட்டுனா ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுக்கினு ஏதாவது ஒடச்சிக்கும். பின் சக்கரத்துலயே வா. போதும்."

அந்த ஐப்பசியில் வானம் கறுத்து நின்றது உனக்கு நினைவிருக்கும். எட்டு மூட்டை ஏற்றியிருந்தோம். நான் ஓட்டினேன். நீ தண்ணீரில் முழங்கால் வரை நின்று பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா இக்கரையில், பனைக்குப் பின்னால், குடையோடு. நடு ஓடையில் பின் சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுற்றின. தண்ணீர் ஏறுவது தெரிந்தது. "அப்படியே நில்லு, பலகை போடறேன்" என்று நீ கத்தினாய். எனக்குக் கேட்டது. கேட்டும் என் கை சின்ன லீவருக்குப் போனது.

வண்டி ஒருமுறை குதித்தது. அடியில் ஏதோ முறிந்த சத்தம். அத்தோடு நின்றது. மூட்டைகளை நாம் சுமந்து கரையேற்றுவதற்குள் ஐந்து நனைந்துவிட்டன. நாலாம் நாள் அவற்றில் முளை விட்டிருந்தது.

அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேராக உன்னிடம் வந்தார்.

"இன்னாம்மா வேல பண்ணிக்கிற? ஏதோ தெரிஞ்ச பொண்ணுன்னு நம்பி வண்டியக் குடுத்தா, ஒரு வருஷத்து வெள்ளாமைய தண்ணியில விட்டுட்டியே. இனிமே எங்க வண்டி மேல கை வெக்காத."

நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். நான் என் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"என் வேலதாம்பா சரியில்ல" என்றாய். "பொருந்தல."

முறிந்த இணைப்பை மறுநாளே மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனாய். அப்பா அப்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார், வெளியே வரவில்லை. அடுத்த வாரம் ரயிலில் உன்னிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"நான் ரயிலேறிப் போயிடுவேன். நீதான அந்த ஊட்ல இருக்கணும்."

"நான் அப்பாகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. வேணான்னு சொல்ல மாட்டேன். நீ சொல்ற வரைக்கும் உங்க ஊட்டுப் பக்கம் வர மாட்டேன், அவ்ளோதான்."

நான் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயம்.

வர மாட்டேன் என்ற நீ ஒருநாள் வந்தாய். அமாவாசைக்கு அப்பா மேல்மலையனூர் போயிருந்த நாள். சாக்கில் கட்டிய கனமான எதையோ தோளில் தூக்கி வந்து கொட்டகைப் பரணில் வைத்தாய். சாக்கில் வெள்ளையாக 'பி' என்று இருந்தது. நாம் கழற்றி நீ பட்டறைக்கு எடுத்துப்போன பழைய பின் டிஃபரன்ஷியலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாய், எங்களோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிறாய் என்று நினைத்தேன். சாக்கைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்பும்போது நீதான் கேட்டாய். "சொல்லிட்டியா?"

"இல்ல."

"சரி வுடு. பிறகு பாத்துக்கலாம்."

மாசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

போன வருடம் அக்கரைக் கொல்லை தரிசாகக் கிடந்தது. நெடுஞ்சாலைக்குப் பக்கம் என்பதால் மனை போடுகிறவர்கள் வந்து வந்து போனார்கள். நான் பிடிவாதமாக நின்று இந்த ஆடியில் மறுபடி விதைக்க வைத்தேன். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "இந்த ஒரு வருஷம். மூட்ட கரை ஏறலன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் அழுதுகினு நிக்காத."

போன வாரம் பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தார். அப்பா பரணிலிருந்து உன் சாக்கை இறக்கி, "இதையும் போட்டுடலாமா?" என்றார். கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்றுதான் முடிச்சை அவிழ்த்தேன். அந்த வாடை முகத்தில் அடித்தது. கை தானாகச் சாக்பீஸைத் தேடியது. கிரவுனில் ஒரு கோடு போட்டேன். பினியனைச் சுற்றினேன். நாலு சுற்றுக்குள் கோடு திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐந்து. அப்போதும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். வந்தது.

பழைய பாகம் இல்லை அது. முன்னுக்கு வேண்டிய ஜோடி. எங்கெங்கோ தேடி நீ கண்டுபிடித்து, துடைத்து, ஆயில் பூசி, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வைத்தது. முன்னுக்கு 'மு' என்றல்லவா எழுதுவாய்? இந்த 'பி' பின் இல்லை. பிறகு. நான் அப்பாவிடம் சொன்ன பிறகு. அந்த ஓர் எழுத்தை இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் சரியாகப் படிக்கவில்லை. நூலகத்தில் வேலை வேறு.

இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு மூன்று நாள் விடுப்புப் போட்டேன். முன்பக்கம் என்றால் வேலை இரட்டிப்பு. சக்கரம், பிரேக், சக்கரத்தைத் திருப்பும் மூட்டு எல்லாம் கழற்றினால்தான் அச்சை வெளியே இழுக்க முடியும். உன் குரலை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தேன். ஒரு நட்டு துருப்பிடித்து அரை நாளைத் தின்றது. மூன்றாம் நாள் கூட்டைத் தூக்கிப் பொருத்தும்போது என் ஒருத்தி கை போதவில்லை. அப்பா வந்து வண்டிக்கு அடியில் படுத்து, அடியிலிருந்து தாங்கிப் பிடித்தார். நான் முதல் போல்ட்டை முடுக்கினேன். இதற்கு மேல் நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"அப்பா, அன்னிக்கு ஓடையில அவ வேல ஒண்ணும் கெட்டுப்போவல. தொடாதன்னு சொன்ன லீவர நான்தான் இழுத்தேன்."

அடியிலிருந்து, "இதத் தாங்கிப் புடிச்சிகினு கெடக்கும்போதா சொல்லுவ?" என்றார்.

"அப்பதான் எழுந்து போவ மாட்டீங்க."

"போல்ட்டப் போடு."

எட்டு போல்ட்டையும் போட்டு முடிக்கும் வரை அவர் கை நகரவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்து வைத்தார். "அந்தப் பொண்ணு எதுத்து ஒரு வார்த்த பேசல பாரு" என்றார். உள்ளே போய்விட்டார்.

நேற்று மூட்டைகளை ஏற்றினோம். முந்தின நாள் மழையில் ஓடை நிரம்பியிருந்தது. அதே இடத்தில் பின் சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. அதே இடத்தில் என் கை லீவருக்குப் போனது. இந்த முறை இழுக்க வேண்டியதுதான். இழுத்தேன். வண்டி குதிக்கவில்லை. நாலு சக்கரமும் ஒரே கணக்கில், ஆட்கள் நடக்கும் வேகத்தில், சேற்றைக் கவ்விக்கொண்டு கரை ஏறின. மூன்று நடை. ஒரு மூட்டைகூட நனையவில்லை. மனைக்காரர்களுக்கு அப்பா மாலையே போன் போட்டு, நிலம் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார்.

முதல் ஓட்டத்து ஆயிலை வடித்து இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பாய். இன்று காலை வடித்தேன். சுத்தமாக இருந்தது. சாக்கில் 'பி' இருந்த துண்டை மட்டும் வெட்டி, சின்ன லீவரின் தலையில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். இனி அந்த லீவரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது என் உள்ளங்கைக்குள் இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். ஒரு மூட்டை மல்லாட்டையை வண்டியில் ஏற்றிவைத்திருக்கிறார்.

"திண்டிவனம் போவணும், வண்டிய எடு. அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நான் பேசணும்."

"மழ வர்ற மாதிரி இருக்குப்பா. பிறகு போலாமே."

"இன்னும் இன்னா பிறகு?"

எழுந்துவிட்டேன். வண்டி இப்போது மெதுவாகத்தான் போகும். தார் ரோட்டில் எல்லாரும் எங்களை முந்திக்கொண்டு போவார்கள். போகட்டும்.