சீதனக் கால்

17 செப்டெம்பர் 1954, வெள்ளி

கச்சான் காற்று விடவில்லை. வாசல், பாய், தண்ணீர்க்குடம் எல்லாவற்றிலும் மணல். இருமல் சற்றுக் குறைவு.

ஜும்ஆவுக்குப் பின் கழகக் கூட்டம், செயலாளர் புஹாரியின் கடைப் பின்னறையில். நாளை மருதமுனையோடு உதைபந்தாட்ட இறுதி ஆட்டம். பேச்சு முழுவதும் ஜலீலைப் பற்றி. மருமகன் என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

புஹாரி கொழும்புப் பத்திரிகை ஒன்றை விரித்து வாசித்தார். ஜேர்மனியில் நடுக்களத்தில் ஆடும் ஒருவர் பழைய கழகத்தை விட்டு வேறு கழகத்தில் சேர்ந்துவிட்டாராம். அதற்கு அரைப்பக்கச் செய்தி, படம் வேறு.

"அங்க ஆள் மாற ஒரு கையெழுத்துப் போதும். எங்களுக்கு நிக்காஹ் வேணும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொய் இல்லை. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வந்த ஊரின் பள்ளிவாசல், வந்த ஊரின் கழகம். ஜலீல் முதலில் பாடசாலை அணி, பிறகு மருதமுனைக் கழகம், இடையில் ஒரு பருவம் மட்டக்களப்பில், மாசியில் என் மூத்த மகள் சுபைதாவை நிக்காஹ் முடித்ததிலிருந்து எங்கள் கல்முனைக்குடி. பகலில் மருதமுனைக்குப் போய்த் தன் அண்ணன் ஹயாத்து காக்காவோடு தறி நெய்கிறான். பொழுது சாய்ந்தால் நம் ஊர் ஆள். சம்பந்தம் பேசி வந்தவர் புஹாரி. பையன் குணம் எப்படி, தொழுகை எப்படி என்று நான் விசாரித்தேன். ஆட்டம் எப்படி என்று விசாரிக்கத் தேவை இருக்கவில்லை.

சென்டர் ஹாஃப் என்றால் என்ன வேலை என்று மனைவி கேட்டாள். வட்டவிதானையை உதாரணம் காட்டினேன். அவர் விதைப்பதில்லை, வெட்டுவதில்லை. வாய்க்காலடியில் நின்று எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று திருப்பி விடுகிறவர். அவர் பிசகினால் மேல்வயல் மூழ்கும், கீழ்வயல் காயும்.

"அப்ப எல்லாருக்கிட்டயும் ஏச்சு வாங்கிற வேலை" என்றாள். சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

18 சனி

கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். சுருக்கமாக.

அஸர் தொழுகைக்குப் பின் ஆட்டம், கடற்கரைத் திடலில். இரண்டு ஊரும் திரண்டு நின்றது. தொடங்குமுன்பே மருதமுனைப் பக்கத்திலிருந்து கூச்சல்: "சீதனக் காலு! சீதனக் காலு!" ஒருவன் கைகொட்டி, "டேய் ஜலீலு, ஊட்டோட சேத்து பந்தும் தந்தாங்களா?" நம் பக்கமும் சளைக்கவில்லை: "தறிக்காரனுகளா, நூலக் கட்டிக்கிட்டு ஓடுங்கடா, வழி தவறிப் போயிருவீங்க!" இவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

ஜலீல் நிதானமாக ஆடினான். கோல் ஒன்றுக்கு ஒன்று. இடைவேளைக்குப் பின், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு உயரப் பந்து. இந்தப் பக்கம் ஜலீல், அந்தப் பக்கம் ஹயாத்து. இருவரும் வெறுங்கால். இருவரும் விடவில்லை. அத்தனை காற்றிலும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஜலீலுக்கு முழங்காலுக்குக் கீழே முறிவு. எலும்பு தோலைக் கிழித்து வெளியே. ஹயாத்து தம்பியின் தலையை மடியில் வைத்து, "வேணுமெண்டு செய்யல்லடா, அல்லாஹ் மேல ஆணை, வேணுமெண்டு செய்யல்ல" என்று அழுதான். நம் பொடியன்கள் அவனை இழுத்துப் போட்டு அடித்தார்கள். விலக்கப் போனதில் என் கண்ணாடி நொறுங்கியது.

ஆஸ்பத்திரிக்கு என்றேன். "அங்க போனா வெட்டிப்போடுவாங்க மாஸ்டர்!" பத்துக் குரல் ஒன்றாக. ஜலீலும் என் கையைப் பிடித்து, "வேணா மாமா. மிதிகட்டை மிதிக்கக் காலு வேணும்" என்றான். தறியைத்தான் சொன்னான். பந்தை நினைக்கவில்லை.

கழகத்தில் சுளுக்குத் தடவுகிற காசிம் மூங்கில் பட்டை வைத்து, எண்ணெய்த் துணியால் இறுக்கிக் கட்டினார். இறுக்கினால்தான் எலும்பு நகராது என்றார். கேட்க நியாயமாக இருந்தது.

19 ஞாயிறு

காற்று. வீட்டில் யாரும் தூங்கவில்லை.

காலை ஜலீலின் உம்மா வந்தார். கூடவே அவருடைய தம்பி, மருதமுனை முறிவு வைத்தியர். எலும்பு வைக்க இந்தக் கரையில் அவருக்கு மேல் ஆளில்லை. சொறிக்கல்முனையிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வாசல் படலையில் புஹாரியும் நாலைந்து பொடியன்களும் நின்றார்கள்.

"உம்மா போகட்டும். வைத்தியர் உள்ள போக ஏலா" என்றார் புஹாரி.

"ஏன் தம்பி?" என்றார் உம்மா.

"ஒடைச்ச ஊருதான் ஒட்டவும் போகுதா? நொண்டியாக்கிட்டுப் போறதுக்கா வந்த?" என்றான் ஒரு பொடியன்.

வைத்தியர் அவர்களோடு கதைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாஸ்டர், புண் இரிக்கிற காலு. கட்ட ஒருக்கா தளத்திப் பாக்கணும். வெரல் சுடுதா குளிருதா எண்டு மட்டும் பாத்திட்டுப் போறன்."

பொடியன்களின் முகத்தைப் பார்த்தேன். கையில் தடி. வகுப்பில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் நான் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு நாள் விட்டால் இரண்டும் தானே தணியும். அதே பழக்கத்தில், "ஆத்திரம் ஆறட்டும், நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

உம்மா மட்டும் உள்ளே போனார். மகனின் நெற்றியில் ஓதி ஊதினார். சுபைதா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

20 திங்கள்

வாங்க: மண்ணெண்ணெய், மிளகு. கண்ணாடிக்குக் கல்முனையில் சொல்ல வேண்டும்.

ஜலீலுக்குக் காய்ச்சல். கஞ்சி இறங்கவில்லை. கட்டு இறுக்கம் என்கிறான். காசிம் வந்து பார்த்து, அப்படித்தான் இருக்கும் என்றார்.

வைத்தியர் வரவில்லை. நேற்றுத் திரும்பும்போது யாரோ கல் எறிந்தார்களாம். ஆள் அனுப்பப் பார்த்தேன், ஒருவரும் ஒப்பவில்லை. லுஹருக்குப் பின் நானே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சந்தியில் புஹாரி மறித்தார். "அங்க போனா உங்களையும் அடிப்பானுகள் மாஸ்டர். வயசு போன காலத்தில என்னத்துக்கு?" திரும்பி வந்தேன்.

மூக்கில் ஒரு வாடை. மணலில் மீன் கிடக்கிறது என்று நினைத்தேன்.

21 செவ்வாய்

விடியற்காலையில் சுபைதாவே கட்டை அவிழ்த்தாள். யாரையும் கேட்கவில்லை. விரல்கள் கறுப்பு. பாதம் கறுப்பு. அந்த வாடை மீனுடையது அல்ல. இளைய மகள் ஹாஜறா கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

அரிசி லொறி ஒன்றில் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி. வழி முழுவதும் ஜலீல் ஒன்றையே கேட்டான்: "மாமா, வெரல் அசையுதா? பாத்துச் சொல்லுங்க." அசைகிறது என்றேன்.

டொக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். "முதல் நாளே கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம்."

"வெட்டிவிடுவீர்கள் என்று பயந்தோம்" என்றேன்.

அவர் கை கழுவப் போனார்.

22 புதன்

முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். உயிர் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஹயாத்து ஆஸ்பத்திரி மதிலடியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் நம் பொடியன்கள் அடித்த வீக்கம். உள்ளே வரச் சொன்னேன். மறுத்துத் தலையை ஆட்டினான். "எந்தப் பக்கக் காலு மாஸ்டர்?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியாததா? பதில் சொன்னேன்.

10 அக்டோபர், ஞாயிறு

மழைக்குறி. காற்று விழுந்துவிட்டது.

ஜலீலைக் கூட்டிவந்தோம். கழகத்தார் மாலை போட்டார்கள். "எங்கிட ஊருக்காகக் காலக் குடுத்த வீரன்" என்று புஹாரி பேசினார். ஜலீல் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். மெலிந்துபோனான். புண் இன்னும் கசிகிறது.

எல்லோரும் போன பிறகு கேட்டான்: "ஆடத்தானே என்ன எடுத்தீங்க மாமா. தறியும் மிதிக்க ஏலா. இனி நான் இஞ்ச என்ன செய்யிற?"

எதற்கும் உதாரணம் சொல்கிறவன் நான். அவன் கழற்றிய மாலையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

சுபைதா தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "ஆட்டக்காரன எடுத்தது வாப்பா. எனக்குப் பந்தப் பத்தி என்ன தெரியும்? சோறு ஆறுது, தின்னுங்க."

தின்றான். பாதி.

14 வியாழன்

மழை. இந்தப் பருவத்தின் முதல் மழை.

சுபைதா போய்விட்டாள். கணவனோடு, மருதமுனைக்கு, மாமி வீட்டுக்கு. ஹயாத்து மாட்டுவண்டி கொண்டுவந்தான். படலையைத் தாண்டி வரவில்லை, நனைந்தபடி நின்றான். இந்த வீடு சீதனமாக அவள் பெயரில் எழுதிக் கொடுத்தது. நாங்கள்தான் அவள் வீட்டில் இருக்கிறோம். பெண் தன் வீட்டை விட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதை இந்த ஊர் பார்த்ததில்லை.

மனைவி வண்டியைப் பிடித்துக்கொண்டாள். "ஊரு என்ன கதைக்கும் புள்ள?"

"கதைக்கட்டும் உம்மா. புண் காயல்ல. வைத்தியர் அங்க இரிக்கார்."

"அவரை இங்கேயே கூப்பிடலாம். நான் உள்ளே விடுவேன்" என்றேன்.

"இப்ப விடுவீங்க வாப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஹயாத்து தம்பியைத் தூக்கி வண்டியில் வைத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மஃரிபுக்குப் பின் புஹாரி வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. சுபைதா போனதற்கு வருத்தம் சொன்னார். மழை நல்லது என்றார். பிறகு கதிரையை இழுத்துக் கிட்ட உட்கார்ந்தார்.

"வாற மாசம் அக்கரைப்பற்றோட ஆட்டம் மாஸ்டர். நடுவில ஆளில்ல. பாலமுனையில ஒரு பொடியன் இரிக்கான். தங்கமான புள்ள. ரெண்டு காலாலயும் அடிப்பான்." உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். "ஹாஜறாவுக்கும் பதினெட்டாச்சு, என்ன?"

சீப்பை எடுத்து அவர் கையில் வைத்தேன். எழுந்து போனார். படலையில் நின்று திரும்பி, "யோசிச்சுப் பாருங்க மாஸ்டர்" என்றார்.