“பந்தா சார்?”

அன்புள்ள ஜெயமணிக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே. ஓசூரில் நான் நலம்.

கம்பெனியில் ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதே. இயந்திரங்களுக்கான மென்பொருளை லினக்ஸ் சர்வரில் கட்டளை தட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். இணைப்பு பாதியில் அறுந்தது. மறுநாள், விட்ட இடத்திலிருந்து தொடரும்படி கட்டளை கொடுத்தேன். மேனேஜர் மஞ்சுநாத் வந்து, “பந்தா சார்?” என்றார். கன்னடத்தில், வந்ததா என்று கேட்கிறார். ஃபைலின் அளவு சரியாக இருந்ததால், “பந்து சார்” என்றேன்.

வந்தது உண்மைதான். சரியாக வந்ததா என்று நான்தான் பார்த்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்த அந்த இரவில், மென்பொருளை அனுப்புகிறவர்கள் ஃபைலையே மாற்றியிருக்கிறார்கள். முன்பாதி பழையது, பின்பாதி புதியது. அதை ஏற்றியதும் உற்பத்தி லைன் முழுவதும் நின்றுவிட்டது. ஃபைல் மாறாமல் வந்ததா என்று பார்க்க அவர்கள் தந்த சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து இறக்கி, எண்ணையும் ஒப்பிட்டு ஓடவைத்தேன். “வயசாயிடுச்சு சார், இனி ரெஸ்ட் எடுங்க” என்று மஞ்சுநாத் சிரித்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பக்கத்து வீட்டு சுபாஷ் இங்கே வரும்போது என் கம்பளித் தொப்பியையும் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்பு. சாயங்காலம் போன் செய். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் செய்.

இன்று சர்வரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கத் தயக்கமாக இருந்தது. மாலைவரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன்
வெள்ளைச்சாமி