நாற்பத்தேழுக்கு வந்த குரல்

1991 டிசம்பர் 19, வியாழன். ஆவடி.

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. இரண்டு புடவை மின்விசிறிக்கு அடியில் தொங்குகிறது. நாளை மாலை ரயில்.

எடுத்து வைத்தது: புளிச்சோறு, எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, டார்ச், பருத்தித் துண்டு நான்கு, குடை. பாலைவனம் என்றால் வெயில்தானே. பிள்ளைகள் மாங்காட்டில், அக்கா வீட்டில்.

என் வீட்டுக்காரர் வேலை செய்யும் ஃபேக்டரியில் மலையேறும் குழு ஒன்று உண்டு. வருஷா வருஷம் டிசம்பரில் எங்காவது ஏறுவார்கள். இந்த வருஷம் மலை இல்லையாம், ராஜஸ்தானில் மணல் மேடு. நான்கு நாள். நடை, கூடாரம், கூட்டுச் சமையல். பெண்டாட்டிகளும் வரலாம் என்று இந்த முறைதான் சொன்னார்கள். நான் பெயர் கொடுத்ததும் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சிரிப்பு. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறச் சொன்னாலே பாதியில் உட்காருகிறவள் நான். இவருடைய கூட்டாளி மூர்த்தி வாசலில் நின்றே கத்தினார்: "அண்ணி இன்னாத்துக்கு வர்றாங்கன்னு தெரியும் மாமே! உன் பாட்டில புடுங்கிப் போடத்தான்!"

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

நிஜத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். ஆகஸ்டில் இவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பூந்தமல்லியில் ஒரு தனி டாக்டர். இருதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, மேடு ஏறக்கூடாது, வலி வந்தால் இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வை என்றார். இவர் வேலையோ கிரேன் ஓட்டுவது. ஷெட் கூரைக்குக் கீழே, மூன்று மாடி உயரத்தில் கேபின். போக இரும்பு ஏணி. விஷயம் தெரிந்தால் கீழே இறக்கி உட்காரவைத்துவிடுவார்கள். "கீழ போட்டாங்கன்னா நான் செத்தேன்டி" என்கிறார். ஏறினால் செத்துப்போவாய் என்று டாக்டர் சொன்னது மட்டும் காதில் விழவில்லை. வருஷா வருஷம் போகிறவர் இந்த முறை வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்களாம். அதனால் போகிறார். அதனால் நானும்.

மாத்திரை குங்குமச் சிமிழில். சிமிழ் என் இடுப்பில். இவர் தொடக்கூட மாட்டேன் என்கிறார்.

டிச. 22, ஞாயிறு. டில்லி ஸ்டேஷன்.

குளிர். பல் தந்தி அடிக்கிறது. நான்கு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டிருக்கிறேன். குடையைப் பார்த்து மூர்த்தி மனைவி கலா அரை மணி நேரம் சிரித்தாள். அவளும் ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை.

புளிச்சோறு தீர்ந்தது. ஊறுகாய் பாட்டில் மூடி கழன்று என் பையெல்லாம் எண்ணெய்.

இவர் எல்லார் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படி ஏறினார். கண்ணால் எச்சரித்தேன். பார்க்காத மாதிரி இன்னொரு பெட்டியையும் வாங்கிக்கொண்டார். கடங்காரன்.

டிச. 24, செவ்வாய். ஜெய்சல்மர் தாண்டி, கூடாரம்.

ரயில், பிறகு ரயில், பிறகு லாரி. வந்துவிட்டோம். சுற்றி மணல். வேறு சொல்ல ஒன்றும் இல்லை. பாண்டிச்சேரி கடற்கரையில் கடலை மட்டும் எடுத்துவிட்டால் இதுதான். இதற்கா நான்கு நாள் ரயில்.

பெண்கள் நான்கு பேர் ஒரு கூடாரம். ஆண்கள் பத்துப் பேர் இரண்டு கூடாரம். கழிவறை என்பது ஒரு முள்செடி. அந்தச் செடிக்கு முன்னால் யாராவது காவல். சாதத்தில் மணல், காதில் மணல், பல்லுக்கிடையில் மணல்.

குழுவுக்குத் தலைவர் தங்கராஜ் சார். இவருடைய ஷெட் ஃபோர்மேன், திருநெல்வேலிக்காரர். அவருக்கு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது. ஃபேக்டரி டோக்கன் நம்பர்தான். இங்கேயும் வரிசையில் நிற்கவைத்து நம்பர் படிக்கிறார். "முப்பத்தொண்ணு?" "கீறேன் சார்!" "நாற்பத்தேழு?" இவர் நம்பர். "கீறேன் சார்!" எங்களுக்கு நம்பர் இல்லை. "லேடீஸ் எல்லாம் வந்தாச்சா?" அவ்வளவுதான்.

வழிகாட்ட ஓர் ஒட்டகக்காரர். பெயர் ரத்தன். இந்தி தவிர வேறு தெரியாது. எங்களில் இந்தி தெரிந்தவர் யாரும் இல்லை. சைகையிலேயே எல்லாம் நடக்கிறது, சிரமம் இல்லை.

டிச. 25, புதன்.

முதல் நாள் நடை. காலை வெயில் இதம். மணலில் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி கீழே வழுக்குகிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் "ஆகா, ஆகா" என்றார்கள். எனக்கு முழங்கால் வலி.

வரிசை: ஒட்டகம், பெண்கள், பிறகு ஆண்கள். இதை நான் ஒத்துக்கொண்டிருக்கக்கூடாது. இவர் பின்னால், சிமிழ் முன்னால். தங்கராஜ் சாரிடம் "நான் பின்னாடி வரேனே சார்" என்றேன். "புருஷன விட்டு அரை ஃபர்லாங் போக மாட்டியளாம்மா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவர் ரொம்பச் சிரித்தார்.

பகல் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. இரவுச் சாப்பாட்டில் சப்பாத்தி, உருளைக்கிழங்கு. இவர் கன்னத்தில் நல்ல நிறம். ஒருவேளை டாக்டர்தான் தப்போ என்றுகூடத் தோன்றியது.

டிச. 26, வியாழன்.

எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று மேடு ஏறி இறங்கவேண்டிய நாள். மூன்றாவதின் உச்சியில் டீ. நாங்கள் முதலில் போய் உட்கார்ந்தோம். ஆண்கள் இரண்டு மூன்று பேராக வந்து சேர்ந்தார்கள். தங்கராஜ் சார் நம்பர் படித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, காலிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தேன். "நாற்பத்தேழு?" "கீறேன் சார்!" அப்பாடா என்று டம்ளரை வாங்கினேன். டீ நன்றாகவே இருந்தது.

பிறகு பார்த்தால் மூர்த்தி கையில் இரண்டு டம்ளர்.

"அவரு எங்க?" என்றேன்.

"ஒதுங்கப் போயிருப்பாரு அண்ணி, வந்துடுவாரு."

"இப்பத்தான குரல் குடுத்தாரு?"

மூர்த்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது நான்தான் அண்ணி. நம்பர் கேட்டுச்சு, வாயி தானா சொல்லிடுச்சு. பழக்க தோஷம்."

ஷெட்டில் ஒருவர் டீக்குப் போனால் இன்னொருவர் அவர் நம்பருக்குக் குரல் கொடுப்பாராம். இவருக்கு மூர்த்தி, மூர்த்திக்கு இவர். எத்தனையோ வருஷமாக. இங்கேயும் அதே நம்பர், அதே சார், அதே வாய்.

எனக்கு மூர்த்திமேல் கோபம் வரவில்லை. என்மேல்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இவர் குரலா இல்லையா என்று தெரியவில்லையே எனக்கு. வெட்கமாக இருக்கிறது.

ஓடினேன். நானா ஓடினேன் என்று இப்போது ஆச்சரியம். ரத்தன் ஒட்டகத்தோடு பின்னால் வந்தார். இரண்டாவது மேட்டின் மறுபக்கச் சரிவில் இவர். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். கொட்டிய பிறகும் கவிழ்த்தபடியே வைத்திருந்தார். முகம் சாம்பல். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, அந்தக் குளிரில்.

"இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார்.

வாயைத் திற என்றேன். நாக்குக்கு அடியில் மாத்திரை. சிமிழிலிருந்த குங்குமமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷமா, அரை மணியா, தெரியாது. ரத்தன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுஷன். நிறம் மெல்லத் திரும்பியது.

"யாராண்டயும் சொல்லாத, சரோஜா" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "கால் சுளுக்குன்னு சொல்லிக்கலாம். சத்தியம் பண்ணு."

சரி என்றேன். சத்தியம் பண்ணவில்லை. சரி என்று மட்டும்தான்.

ஒட்டகத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்தோம். சுளுக்கு என்றதும் தங்கராஜ் சார் தைலத்தோடு வந்துவிட்டார். நன்றாக இருக்கும் காலைப் போட்டு அந்த உருவு உருவினார். இவரும் "ஐயோ, அம்மா" என்று நன்றாகவே கத்தினார். மூர்த்தி ஒரு காலில் நொண்டிக் காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் இவர் தங்கராஜ் சாரிடம் சொல்வது காதில் விழுந்தது: "கால் சரியாயிடுச்சி சார். நாளைக்கி பெரிய மேடு. நான்தான் முன்னாடி ஏறுவேன்."

டிச. 27, வெள்ளி.

சுருக்கமாக.

காலை ஏழு மணி. பனி, புகை மாதிரி. வரிசையில் நின்றார்கள். பெரிய மேடு எதிரிலேயே, நம் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியைப்போல இரண்டு மடங்கு உயரம். "நாற்பத்தேழு?" "கீறேன் சார்." இந்த முறை இவரேதான், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"சார், அவரு வரல" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா இரு" என்றார்.

"அவருக்கு நெஞ்சு வலி சார். ஆகஸ்டுலேர்ந்து. நேத்து வந்தது சுளுக்கு இல்ல. ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. அழவில்லை. கலா ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூர்த்தி மணலில் உட்கார்ந்து, "நேத்து நான் குரல் குடுத்தேனே, நேத்து நான் குரல் குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இவர் அவரைப் போய்த் தூக்கினார். என் பக்கம் திரும்பவில்லை.

தங்கராஜ் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "கிரேன்ல ஏறுத மனுஷன்லாம்மா அவரு. கீழ எத்தன பேரு வேல செய்யுதான். நான் கேட்டுட்டேன். இனி கேக்காத மாதிரி இருக்க முடியாதுல்லா."

தெரியும் சார், தெரிந்துதான் சொன்னேன் என்றேன்.

யாரும் பெரிய மேடு ஏறவில்லை. தாயம் ஆடினார்கள். நான் கீழிருந்து அந்த மேட்டைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது.

டிச. 30, திங்கள். ரயில்.

நாக்பூர் தாண்டியாச்சு. ஆரஞ்சு வாங்கினோம், பாதி புளிப்பு.

என்னோடு பேச்சு இல்லை, மூன்றாவது நாள். "கலா, அவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு." "கலா, மாத்திரை வேளை ஆச்சு, அவங்களாண்ட வாங்கிக் குடு." கலா நடுவில் தபால்காரி. மாத்திரையை மட்டும் மறுக்காமல் போட்டுக்கொள்கிறார். எனக்கு அது போதும். போதாது. இல்லை, போதும்.

1992 ஜனவரி 3, வெள்ளி. ஆவடி.

கூட்டிப் பெருக்க இரண்டு நாள். பெட்டியிலிருந்து ஒரு படி மணலாவது வந்திருக்கும்.

தங்கராஜ் சார் நெஞ்சு வலி விஷயத்தை ஃபேக்டரியில் எழுதிக் கொடுத்துவிட்டார். இவரை ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். ஈசிஜி, இன்னும் என்னென்னவோ. காலையில் போனவர் நாலு மணிக்கு வந்தார். பையனிடம் சொன்னார்: "உங்கம்மாவாண்ட சொல்லு. கீழ போட்டுட்டாங்க. டூல் ஸ்டோர்." கதவைச் சாத்திக்கொண்டார்.

செய்தது சரி. நூறு தடவை கேட்டாலும் சரிதான். ஆனாலும் அந்தக் கதவுக்கு வெளியே நிற்க என்னவோபோல் இருந்தது.

ஜன. 8, புதன்.

வெயில். பொங்கலுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமையிலிருந்து டூல் ஸ்டோர். ஸ்பேனர், டிரில் எடுத்துக் கொடுத்து, டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டும் வேலை. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இன்று மூன்றே முக்காலுக்கு வந்தார். கை கால் கழுவினார். சோறு போட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு. பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை, கலாவும் இல்லை. நடுவில் சொல்ல ஆளில்லை.

தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எவனையும் அடையாளம் தெரியல. பதினாறு வருசமா மேலேர்ந்து மண்டய மட்டுந்தான பாத்துகினு இருந்தேன். ஒருத்தன் வந்து ஸ்பேனர் குடு அண்ணாத்தேன்றான், யார்ரா இவன்னு முழிக்கிறேன். டோக்கன வெக்கக் குனிஞ்சான் பாரு, நடு மண்டயில வழுக்க. அடப்பாவி, நீயாடான்னேன். எல்லார் மூஞ்சியும் இப்பத்தான் பாக்கறேன்."

சிரித்துவிட்டேன். சத்தமாகவே. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.