ஞாயிற்றுக்கிழமை மழை

என் கூடப்பிறந்த ராசா சூசைக்கு,

ஆண்டவர் மடியில் நீ குளிரில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உனக்கு எழுதுகிற இதைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்து மாத இதழில் போடச் சொல்லப் போகிறேன். "நம்ம வீட்டுப் பேச்சு ஊருக்கு எதுக்குக்கா?" என்று நீ கேட்பாய். இந்த மலையில் இன்னும் எத்தனையோ எஸ்டேட்டில் உன்னை மாதிரி ஆட்கள் சரிவுக்கு அடியில் படுத்துத் தூங்குகிறார்கள். அதற்குத்தான்.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது எஸ்டேட் சிற்றாலயத்தில். கீழ் லயத்து வரிசை வீட்டுச் சனம், ஒருத்தர் தவிர, பாயும் சட்டியுமாக இங்கேதான் கிடக்கிறது. எல்லாம் உன் மகள் பார்த்த சோலி.

ஸ்டெல்லா எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறாள். காப்பிக் கணக்குப் பார்க்க மேனேஜர் ஐயா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மேசைமேல் வைக்கிற சின்னப் பெட்டிதான். கொடைக்கானல் பள்ளிக்கூடத்து ஆல்பர்ட் சார் சனிக்கிழமை தோறும் ஜீப்பில் தாண்டிக்குடி வரை இறங்கி வந்து சொல்லிக்கொடுத்தார். இவளுக்குக் காப்பிக் கணக்கு போதவில்லை. மழைக் கணக்கைப் போட்டால் சரிவு எப்போது பயமென்று பெட்டியே காட்டும்படி ஒன்று செய்கிறேன் என்று கிளம்பினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. உன்மேல் விழுந்த மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே புது லயம் கட்டிக் கொடுத்தார்கள், சூசை. அதில்தான் நாங்கள் இருக்கிறோம். போன ஐப்பசியிலிருந்து பின்பக்க மேட்டில் ஒரு வெடிப்பு ஓடுகிறது. கை நுழையும்.

அவள் படித்த படிப்பு எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். பெட்டிக்குள் எல்லாவற்றையும் தனித்தனிப் பொருளாகப் பிறக்க வைக்க வேண்டுமாம். திரையில் திறக்கிற ஜன்னல் ஒரு பொருள், அமுக்குகிற பொத்தான் ஒரு பொருள். கெட்டிக்காரர்கள் யாரோ முன்னமே செய்து வைத்த தாய் ஒன்று இருக்கும். நாம் செய்வது அதற்குப் பிள்ளை. தாயின் குணமெல்லாம் கேட்காமலே பிள்ளைக்கு வந்துவிடும், ஆகாததை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். இவள் தாயிடம் இருப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் தானே எழுதப் போனாள். ஜன்னல் திறந்தது, மூடவில்லை.

"ஏ புள்ள, ஒரு சன்னலுக்கா ஒரு மாசம்? நம்ம ஆசாரி ஒரே நாள்ல போட்டுட்டுப் போனாரே" என்றேன்.

"அவரு போட்டது இன்னும் சாத்த மாட்டேங்குதே அத்தை, அதப் போய் அவர்ட்டக் கேளுங்க."

வாய் அப்படியே உன் வாய்.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒவ்வொரு நாளையும் ஒரு பொருளாகச் செய்தாள். காவல்காரர் ஆபீஸ் முற்றத்து மழைமானியைப் பார்த்துச் சொல்கிற அளவை அன்றைய நாளுக்குள் போடுவாள். மூன்று நாள் விடாமல் கனத்த மழை என்றால் திரையில் உள்ள கட்டம் கறுப்பாக வேண்டும். இல்லையென்றால் வெள்ளை. இந்த மழைக்காலம் பூராவும் கட்டம் வெள்ளையாகவே இருந்தது. நானும் தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம், "எங்க புள்ள பொட்டியில வெள்ளைன்னு வந்திருச்சு, படுத்துத் தூங்குங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெளியே மழை, உள்ளே வெள்ளை. என் மனசுக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. ராத்திரியெல்லாம் செபமாலை உருட்டிக்கொண்டு கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். திரையைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி?"

"பொட்டி சரியாச் சொல்லுதான்னு பாக்க, ஆபீஸ் பழைய ஏட்டுல இருந்து அப்பா செத்த வாரத்து மழையப் போட்டேன் அத்தை."

"போட்டு?"

"அன்னைக்கும் வெள்ளைன்னுதான் சொல்லுது."

சோத்துப் போணியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை விடிகாலையை மறப்பேனா? உன் கை மட்டும் வெளியே தெரிந்ததே.

அவள் ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளி மழை. சனி மழை. ஞாயிறு பூஜ்யம்.

"ஞாயித்துக்கிழமை மழை பேஞ்சது அத்தை. அப்பா சாக்கை மடிச்சு என் தலையில போட்டு, தோள்ல தூக்கிக்கிட்டுப் பூசைக்குக் கூட்டிப் போனாரு. கோயிலுக்குள்ள ஒழுகுச்சு. எனக்கு நல்லா நெனவிருக்கு."

பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கேட்டைத் திறக்கிற பழக்கம் இல்லை. பூட்டிவிட்டு எல்லோரும் பூசைக்குப் போய்விடுவோம். மழைமானி உள்ளே கிடக்கும். இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்துத் திங்கட்கிழமை கணக்கில்தான் ஏற்றுவார்கள். பெட்டிக்குள் பிறக்கிற நாளோ, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் பூஜ்யம் என்றே இருந்துவிடும். ஆக, எந்த வாரத்திலும் மழை ஞாயிற்றைத் தாண்டி வந்ததாகக் கணக்கே இல்லை.

உன் மகள் அழவில்லை. 'தெரியாது' என்று ஒரு குணத்தை நாளுக்குள் எழுதினாள். முன்னும் பின்னும் மழையென்றால், பார்க்காத நாளையும் மழை நாளாகவே எடு என்று எழுதினாள். சனிக்கிழமை மத்தியானம் இந்த மாத மழையைத் திரும்ப ஓட்டினாள். போன ஞாயிறும் மழை நாளாகச் சேர்ந்ததும் கட்டம் கறுப்பானது; ஒருதரம் கறுத்தால் மண் காய ஒரு வாரமாவது வெளுக்காதாம். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் ஐயா சிரித்தார். "நேத்து வரைக்கும் வெள்ளை, இன்னைக்குக் கறுப்பு. உன் பொட்டியே அது பேச்ச நம்பலயேம்மா, நான் எப்பிடி நம்புறது?"

"பொட்டி மேல தப்பில்லைங்க ஐயா. பூட்டுன நாள மழையில்லாத நாளுன்னு நாந்தான் விட்டுட்டேன். நாளைக்குக் கேட்டுச் சாவி வேணும்."

"ஞாயித்துக்கிழமையா? இங்க அப்பிடி ஒரு வழக்கமே கெடையாதே."

நான் சும்மா இருப்பேனா? "ஆண்டவரு ஞாயித்துக்கிழமை மழைய நிப்பாட்டலயே ஐயா, நாம மட்டும் எதுக்குச் சாவிய நிப்பாட்டணும்?" என்றேன். மேசைமேல் சாவியை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

லயத்துக்காரர்களைக் கிளப்புவதுதான் பாடு. அடுத்த வீட்டுச் சரசு, இலங்கைக் கண்டிச் சீமையிலிருந்து வந்தவள், வாசலை மறித்து நின்றாள். "ஒரு நாட்டையே விட்டுட்டு வந்தவ நானு. இப்ப ஒங்க பொட்டி சொல்லுதுன்னு லயத்தையும் விடணுமா?" அவளை எப்படியோ இழுத்து வந்தேன். அவள் புருசன் பொன்னையா அசையவில்லை. "கோழிக்கு யாரு காவல்? போங்க போங்க, செத்தா நான் கோழியோட சாகுறேன்" என்று பீடியைப் பற்றவைத்தார்.

இன்றைக்கு ஞாயிறு. வெள்ளனே ஸ்டெல்லா கேட்டைத் திறந்து, தன் கையால் மழைமானியைப் பார்த்தாள். அதற்குள் இருக்கிற பானை வழிந்திருந்தது. அதற்குப் பிறகு மழை விட்டது. வெயிலே அடித்தது, சூசை. இங்கே உடனே என் பேரைச் சொல்லிக் கேலி ஆரம்பித்துவிட்டது. "மரியதங்கம் பொட்டிக்குத்தான் சளி புடிச்சிருக்கு" என்று ஒருத்தர், பாயைச் சுருட்டிக்கொண்டு இன்னொருத்தர். கட்டம் கறுப்பாகவேதான் இருக்கிறது, "மழை விட்டுச்சு, மண்ணு இன்னும் விடல" என்று உன் மகள் வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். யார் கேட்டார்கள்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் சரசு கீழேயிருந்து ஓடி வந்தாள். புருசனுக்குக் கஞ்சி கொடுக்கப் போனவள். காலிக் குடம் கையில்.

"அக்கா, ஊத்துக் குழாயில தண்ணி நின்னுபோச்சு. சொட்டு வரல. இத்தன மழைக்கு எப்பிடிக்கா நிக்கும்?"

சுருட்டிய பாய்களை ஒவ்வொருவராகக் கீழே போட்டார்கள். மேலே எங்கேயோ மண் சரிந்து ஊற்றை அடைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே தேங்கி நிற்கிறது? நீ போன அன்றைக்கு முந்தின நாளும் குழாய் நின்றிருந்ததா? அன்றைக்கு யாராவது கவனித்தோமா?

மேனேஜர் ஐயா ஜீப்பை எடுத்திருக்கிறார். லயத்துக்குப் போகிற பாதையில் கடைசித் துண்டுக்கு ஜீப் இறங்காது, நடக்கத்தான் வேண்டும். பொன்னையா மற்றவர் சொன்னால் கேட்கமாட்டார். என் வாய்க்குப் பயந்துதான் ஒரு வேளை எழுந்து வருவார், அதனால் நானே ஜீப்பில் போகிறேன். ஸ்டெல்லா தானும் வருகிறேன் என்கிறாள். சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அவள் பெட்டிப் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு அப்புறமும் யாராவது ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறக்க வேண்டுமே.

ஏலே சூசை, உனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நீ படுத்துக் கிடந்தாய். இனிமேல் இந்தச் சரிவுக்குக் கீழே, சொல்ல ஆளில்லாமல் ஒருத்தரையும் தூங்க விடமாட்டேன். இது மாதா மேல் ஆணை. பொன்னையாவைக் கோழியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாவது வருவேன்.

வந்தால் மிச்சத்தை எழுதுகிறேன். வராவிட்டால் நேரில் சொல்கிறேன்.

உன் மகளுக்கு அத்தையாக இங்கே இருக்கிற,
உன் அக்கா
மரியதங்கம்